கையும் கருவியும்: கணினி விளையாட்டுச் சுட்டியின் அமைப்பும் தொடுபுலனும்

கண்டி மாநகரிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலை மகாவலி கங்கையைக் கடக்கும் இடம் கட்டுகஸ்தோட்டையாகும். ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள சொல் சிங்களத்தில் துறையைக் குறிப்பது. யானைகள் நீராடும் துறையென்றே இவ்வூர் நெடுங்காலம் வெளியாருக்கு அறிமுகமாகியிருந்தது. சிறு அங்குசம் ஒன்றினாற் பேருடல் ஒன்றினை இயக்கும் பாகனின் கைத்திறன் அக்காட்சியின் உட்பொருளாகும். இன்று அதே ஊரின் கடைத்தெருவில் வேறொரு கைத்திறனுக்கான கருவி பழுதுபார்க்கப்படுகின்றது. கணினியின் ‘சுட்டி’ என நாம் எழுதுவதும் ‘மவுஸ்’ என மக்கள் வழங்குவதுமான கருவியே அது.

அத்தகைய பழுதுபார்க்கும் கடையொன்றிற் கண்ட சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று. இளைஞர் ஒருவர் தமது விளையாட்டுச் சுட்டியைக் கொண்டுவந்திருந்தார். ஒருமுறை அழுத்தினால் அது இருமுறை அழுத்தியதாகப் பதிவுசெய்தது. கடைக்காரர், கைவிடப்பட்ட அலுவலகச் சுட்டியொன்றைத் திறந்து, அதன் வலப்பொத்தானின் கீழிருந்த ஆளியைக் கழற்றினார். இடப்பொத்தானே பெரிதும் தேய்வது. வலப்பொத்தானின் ஆளி ஏறத்தாழப் புதிதாகவே இருக்கும் என்பது அவரது அனுபவ அறிவு. அதனைப் பொருத்தி நீட்டியபோது இளைஞர் நாலைந்து தடவை தட்டிப் பார்த்துவிட்டு, “இது கொஞ்சம் இறுக்கமா இருக்கு அண்ணா” என்றார். மற்றொன்று மாற்றப்பட்டது. “இப்ப எப்பிடி தம்பி?” என்ற வினாவுக்கு விரலே விடையளித்தது, முகம் மலர்ந்தது.

இருவரும் உணர்ந்த வேறுபாடு ஒருசில கிராம் விசைக்கு மேற்பட்டதாக இருத்தல் இயலாது. அளவுகருவி எதுவுமின்றி விரல்நுனி இதனை அறிந்துகொண்டது. இவ்வறிவு எத்தகையது? அதனை வேண்டிநிற்கும் கருவி எவ்வாறு உருவாயிற்று? யாருடைய கையை மனங்கொண்டு அது வடிவமைக்கப்படுகின்றது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தோற்றமும் சமூகச் சூழலும்

கையின் அசைவைத் திரையில் ஒரு புள்ளியின் அசைவாக மாற்றும் முயற்சி போர்க்கருவிகளுடன் தொடர்புடையதாகவே தொடங்கிற்று. 1952ஆம் ஆண்டளவிற் கனடியக் கடற்படையின் திட்டமொன்றில், பந்துருட்டு விளையாட்டுக்குரிய பந்தொன்றினைக் கையால் உருட்டி ராடர்த் திரையில் இடங்குறிக்கும் பொறி அமைக்கப்பட்டது. ஜேர்மனியின் டெலிபுங்கன் நிறுவனம் 1968இல் வெளியிட்ட உருள்பந்துக் கருவியும் வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுத் திரைகளுக்கான பொறியிலிருந்து வளர்ந்ததே.

இன்று நாம் அறிந்த சுட்டியின் நேர் மூதாதை கலிபோர்ணியாவிலுள்ள ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் 1964இல் உருவாயிற்று. டக்ளஸ் எங்கல்பார்ட் அதன் கருத்தாக்கத்தைத் தந்தார். பில் இங்கிலிஷ் அதனைச் செய்து முடித்தார். மரத்தாலான சிறு பெட்டி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த இரு சில்லுகள், ஒரேயொரு பொத்தான் என்பவையே அதன் உறுப்புகள். ஒளிப்பேனா, நெம்புகோல், முழங்காலால் இயக்கும் கருவி ஆகியவற்றுடன் ஒப்பிட்டுச் சோதித்தபின்பே அது தெரிவுசெய்யப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் அது பொதுவில் இயக்கிக் காட்டப்பட்டது. சிக்கலான சமூகப் பிரச்சினைகளை மாந்தர் கூடித் தீர்ப்பதற்கு அறிவை வலுப்படுத்தும் கருவித் தொகுதியின் ஒரு சிற்றுறுப்பாகவே எங்கல்பார்ட் அதனைக் கருதினார். 1970இல் வழங்கப்பட்ட காப்புரிமை அவர் பணியாற்றிய நிலையத்துக்கே உரியதாயிற்று. சுட்டி கோடிக்கணக்கில் விற்பனையானபோது அவருக்கு உரிமைப் பங்கு எதுவும் கிடைக்கவில்லை. கருவியைப் படைத்தோனும் அதன் பயனைப் பெற்றோரும் வேறாகிய நிலைக்கு இது தெளிவான சான்றாகும்.

ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் எழுபதுகளிற் சில்லுகளின் இடத்தைப் பந்து பெற்றது. 1984இல் ஆப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரொஷ் கணினி சுட்டியை இல்லங்களுக்குள் கொண்டுவந்தது. எனினும் அதுவரை அது எழுத்தரின் கருவியாகவே இருந்தது. பட்டியலிலிருந்து ஒன்றைத் தெரிவதும் படத்தை நகர்த்துவதுமே அதன் பணிகள். 1996இல் வெளிவந்த குவேக் போன்ற முப்பரிமாண விளையாட்டுகளில் ஆடுவோன் தன் பார்வையையே சுட்டியால் திருப்பத் தொடங்கியபோது நிலைமை மாறிற்று. திரையிலுள்ள பொருளைச் சுட்டுவதற்கான கருவி, ஆடுவோனின் கண்ணும் கழுத்தும் தோளும் ஆயிற்று. 1999இல் றேசர் நிறுவனத்தின் பூம்சிலாங் விளையாட்டுக்கென்றே தயாரிக்கப்பட்ட சுட்டியாகச் சந்தைக்கு வந்தது. 2018இல் யகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிற் கணினி விளையாட்டுகள் காட்சிப் போட்டிகளாக இடம்பெற்றன. 2023இல் ஹாங்சூவில் அவை பதக்கத்துக்குரிய போட்டிகளாயின.

2. குறிபார்த்தலின் விதி

விரைவும் துல்லியமும் ஒன்றையொன்று எதிர்ப்பன. ஊசியில் நூல் கோப்பவர் விரைவதில்லை. இவ்வுண்மைக்குக் கணித வடிவம் கொடுத்தவர் அமெரிக்க உளவியலாளர் போல் பிற்ஸ் ஆவார். 1954இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, ஓர் இலக்கைக் கை சென்றடைய எடுக்கும் நேரம் இலக்கின் தூரத்துக்கும் அதன் அகலத்துக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையைப் பொறுத்து அமைகின்றது. தொலைவு இரட்டித்தாலும் இலக்கின் அகலம் பாதியானாலும் விளைவு ஒன்றே: நேரம் ஒரு குறித்த அளவால் நீளும். 1978இல் ஸெரொக்ஸ் ஆய்வாளர் கார்ட், இங்கிலிஷ், பர் ஆகியோர் சுட்டியையும் பிற கருவிகளையும் ஒப்பிட்டபோது, சுட்டியின் வேகம் மனிதக் கையின் இயல்பான எல்லையை அண்மித்தது எனக் கண்டனர். வேறுவகையிற் கூறின், நல்ல சுட்டியில் தடையாக எஞ்சுவது கருவியன்று, கையே.

குறிபார்க்கும் அசைவினை நுணுகி நோக்கின் அது இரு பகுதிகளையுடையதாதல் புலனாகும். முதலாவது, இலக்கை நோக்கிய பெரும் வீச்சு. இது முழங்கையினதும் தோளினதும் பணி. இரண்டாவது, இலக்கின் அண்மையில் நிகழும் நுண்திருத்தம். இது மணிக்கட்டினதும் விரல்களினதும் பணி. சுட்டியின் அமைப்பு இவ்விரண்டுக்கும் ஒருங்கே இடமளித்தல் வேண்டும். வடிவமைப்பின் பிரச்சினைகள் யாவும் இவ்விரட்டைத் தேவையினின்றே எழுகின்றன எனலாம்.

3. சுட்டியின் கண்

பந்துச் சுட்டியின் பெருங்குறை அழுக்காகும். மேசையின் தூசி பந்தோடு உருண்டு உள்ளுருளைகளிற் படியும், அசைவு தடைப்படும். 1999இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட ஒளியியற் சுட்டி இதனைப் பெருமளவு வழக்கொழியச் செய்தது. அதன் அடியில் இருப்பது ஒரு நுண்படக்கருவி. சாய்வாக விழும் ஒளியில் மேசை விரிப்பின் இழைகள் மேடும் பள்ளமுமாய்த் தோன்றும். அக்காட்சியை அது இடையறாது படம்பிடிக்கும். அடுத்தடுத்த இரு படங்களை ஒப்பிட்டு, காட்சி எத்திசையில் எவ்வளவு பெயர்ந்தது எனக் கணிக்கும். தொடக்கத்தில் ஒரு செக்கனில் 1,500 படங்கள் எடுக்கப்பட்டன. இன்றைய விளையாட்டுச் சுட்டிகளில் அது 10,000ஐயும் விஞ்சும். கையை வேகமாக வீசும்போது, ஒரு படத்துக்கும் மறுபடத்துக்கும் பொதுவான பகுதி எதுவும் எஞ்சாவிடின் சுட்டி திசையிழக்கும். வேகமிகுந்த படப்பிடிப்பு அதனைத் தடுக்கின்றது.

சுட்டி ஓர் அங்குலம் நகரும்போது எத்தனை எண்ணிக்கைகளைக் கணினிக்கு அறிவிக்கின்றது என்பதே அதன் நுணுக்க எண். இவ்வெண் 25,000ஐத் தாண்டியது என விளம்பரங்கள் முழங்குகின்றன. ஆயின் தேர்ந்த ஆட்டக்காரர் பலர் 400க்கும் 1,600க்கும் இடைப்பட்ட எண்ணையே கையாளுகின்றனர். குறிபார்த்துச் சுடும் விளையாட்டுகளில், பார்வையை முழுவட்டமாகத் திருப்ப 30 முதல் 50 சென்ரிமீற்றர் வரை சுட்டியை நகர்த்துவோர் மிகுதி. பெரும் வீச்சைத் தோளுக்கு ஒப்படைத்து, நுண்திருத்தத்துக்கு விரலுக்குப் போதிய வெளியளிப்பதே இதன் காரணம். எனவே பெரிய எண் பயன்பெறுமதியைக் குறிப்பதன்று. அது விற்பனையின் பொருட்டு எழுந்த எண்ணே.

சுட்டி தன் செய்தியைக் கணினிக்கு அறிவிக்கும் மீடிறனும் கருதத்தக்கது. சாதாரணச் சுட்டி செக்கனுக்கு 125 தடவை, அதாவது 8 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை அறிவிக்கும். விளையாட்டுச் சுட்டி 1,000 தடவை அறிவிக்கும். 125இலிருந்து 1,000க்கு உயர்த்துவதனாற் கிடைக்கும் இலாபம் ஏறத்தாழ 7 மில்லிசெக்கன். அதற்கு மேல் எவ்வளவு உயர்த்தினும் பெறத்தக்க இலாபம் 1 மில்லிசெக்கனுக்கும் குறைவே. பயன் குறைந்து விலை கூடும் இவ்வெல்லையை நுகர்வோர் அறிந்திருத்தல் அவசியம்.

எண்களைவிட முக்கியமானது மாறாத்தன்மை. இயங்குதளத்திலுள்ள ஒரு வசதி, கை விரையுந்தோறும் திரைப்புள்ளியை மேலும் விரையச்செய்யும். எழுத்தருக்கு இது உதவலாம். விளையாடுவோருட் பலர் இதனை நிறுத்திவிடுகின்றனர். ஒரே அசைவுக்கு ஒரே விளைவு கிடைத்தாலன்றிக் கை எதனையும் கற்றுக்கொள்ளாது. கைப்பழக்கம் என நம் மூதாட்டியர் குறிப்பிட்டதன் அடிப்படையும் இதுவே.

4. திணிவு, உராய்வு, வடிவம்

திணிவு மிகுந்த பொருளை ஆர்முடுக்கவும் நிறுத்தவும் மிகுந்த விசை வேண்டும் என்பது பாடசாலைப் பௌதிகம். 120 கிராம் சுட்டியை 60 கிராமாகக் குறைத்தால், ஒரே ஆர்முடுகலுக்கு வேண்டிய விசை பாதியாகும். சடத்துவம் குறைவதால் இலக்கைத் தாண்டிச் செல்லும் பிழையைத் திருத்தல் எளிதாகின்றது. முன்னர்ப் பாரமே தரத்தின் அடையாளமெனக் கருதிச் சுட்டிகளினுள் உலோக நிறைகளை வைத்து விற்றனர். 2018ஐ அடுத்த ஆண்டுகளில் ஓட்டினைத் தேன்கூடு போலத் துளையிட்டு எடை குறைக்கும் போக்குப் பரவிற்று. பின்னர்த் துளையின்றியே 63 கிராமுக்குட்பட்ட கம்பியில்லாச் சுட்டிகள் வந்தன.

உராய்வினைப் பொறுத்தவரை, ஓய்விலுள்ள சுட்டியை அசைக்க வேண்டிய விசை, அசைந்துகொண்டிருப்பதைத் தொடர்ந்து நகர்த்த வேண்டிய விசையிலும் பெரிது. இவ்விரண்டுக்கும் இடைவெளி மிகுந்தால், நுண்ணிய அசைவு தொடங்கும்போது சுட்டி முதலில் ஒட்டிநின்று பின் திடீரெனத் தாவும். அடிப்பாதங்களில் ரெப்லோன் என வழங்கும் பொருள் பயன்படுவது அவ்விடைவெளி அதிற் குறைவாயிருப்பதாலேயே. மலைநாட்டின் மழைக்கால ஈரலிப்பை உறிஞ்சும் துணிவிரிப்பிற் சுட்டி மந்தமாவதைக் கண்டிப் பகுதியில் விளையாடுவோர் அனுபவத்தில் அறிவர்.

வடிவத்தைப் பிடியினின்று பிரித்து நோக்குதல் இயலாது. பிடிகள் மூவகைப்படும். உள்ளங்கை முழுவதும் படிந்திருப்பது உள்ளங்கைப் பிடி. உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் ஊன்ற, விரல்கள் வளைந்து நிற்பது கவ்வுப் பிடி. விரல்நுனிகள் மட்டுமே தொடுவது விரல்நுனிப் பிடி. முதலாவது உறுதியும் சோர்வின்மையும் தரும். இறுதியது நுண்ணசைவுக்கு உகந்தது. இடைப்பட்டது இரண்டனதும் சமரசம். முதுகுமேடு எங்குள்ளது, பக்கங்கள் உள்வளைந்தவையா வெளிவளைந்தவையா, பெருவிரலும் சிறுவிரலும் எங்கு அழுத்துகின்றன என்பன எப்பிடிக்கு அச்சுட்டி பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

ஈண்டு ஓர் ஒப்பீடு பொருந்தும். கண்டி விகாரைகளிலும் நம் ஏட்டு மரபிலும் ஓலை எழுதியவர், வலக்கையில் எழுத்தாணியைப் பிடித்து, ஓலை தாங்கிய இடக்கையின் பெருவிரலால் அதன் நுனிக்கு ஆதாரம் கொடுத்தனர். தாங்குதலும் இயக்குதலும் இரு கைகளுக்குப் பகிரப்பட்டன. சுட்டியிலோ தாங்குவதும் நகர்த்துவதும் அழுத்துவதும் ஒரே கையின் பணிகள். அழுத்தும் கணத்தில் விரலின் விசை சுட்டியை அசைத்தால் குறி தவறும். எனவே பொத்தானின் தொடுகை, வெறும் இன்பவுணர்வுக்குரியதன்று. அது துல்லியத்தின் பகுதியாகும்.

5. அழுத்தலின் இயல்பு

பொத்தானின் கீழுள்ள நுண்ணாளியினுள் மெல்லிய செப்புக்கலப்புலோகத் தகடொன்று வில்லாக வளைந்திருக்கும். விரலின் விசை ஒரு குறித்த எல்லையைக் கடந்ததும் அது திடீரெனத் தாவி மறுதொடுகையைத் தொடும். காது கேட்பதும் விரல் உணர்வதும் அத்தாவுதலையே. இதற்கு வேண்டிய விசை பொதுவாக 60 முதல் 75 கிராம் நிறைக்கு நிகர். எல்லை மிகத் தாழ்ந்தால் ஓய்வாக வைத்த விரலே பொத்தானை இயக்கிவிடும். மிக உயர்ந்தால் விரல் சோரும்.

உலோகம் உலோகத்தை மோதும்போது ஒருமுறை தொட்டு நிற்பதில்லை. சில மில்லிசெக்கன் துள்ளும். அத்துள்ளல்களைத் தனித்தனி அழுத்தல்களாகக் கொள்ளாதபடி சுட்டியின் உள்நிரல் சிறுபொழுது காத்திருக்கும். வில் தளர்ந்தாலோ, குறைந்த மின்னோட்டத்தில் இயங்கும் தொடுகையில் ஒட்சைட்டுப் படலம் படிந்தாலோ, துள்ளல் காத்திருப்பினும் நீளும். அப்போது ஓர் அழுத்தல் இரண்டாகப் பதிவாகும். கட்டுகஸ்தோட்டை இளைஞரின் சுட்டிக்கு நேர்ந்தது இதுவே. காத்திருப்பை நீட்டினால் பழுது மறையும். ஆனால் வேகம் குறையும். உலோகத் தொடுகைக்குப் பதிலாக ஒளிக்கதிரை மறைத்துத் திறக்கும் ஆளிகள் அண்மை ஆண்டுகளில் இம்முரண்பாட்டைத் தீர்க்க முயல்கின்றன.

ஓர் ஆளி 2 கோடி அழுத்தல்கள் தாங்கும் என உறுதிகூறப்பட்டால், நாளொன்றுக்கு 10,000 அழுத்தல் என்ற கணக்கில் அது 2,000 நாள், அதாவது ஐந்தரை ஆண்டு உழைத்தல் வேண்டும். பொறியின் வில்லைத் தாக்கும் தேய்வு அதனுடனேயே நின்றுவிடும். புது ஆளி கிடைக்கும். ஆனால் அதே எண்ணிக்கை விரலின் தசைநாணையும் மணிக்கட்டின் நரம்பையும் தாக்குகின்றது. மணிக்கட்டை மேல்நோக்கியும் சிறுவிரற் பக்கமாகவும் வளைத்து நெடுநேரம் ஊன்றியிருத்தல் விறைப்பு, வலி, மரத்துப்போதல் ஆகியவற்றுக்கு வழிவகுக்கும். கைக்கு மாற்றுறுப்புக் கடையில் இல்லை.

6. யாருடைய கை?

1952இல் அமெரிக்க விமானப்படையைச் சார்ந்த கில்பர்ட் டானியல்ஸ் 4,063 விமானிகளின் உடலளவுகளை ஆராய்ந்தார். பத்து அளவுகளிலும் சராசரியாக அமைந்தவர் ஒருவர்தானும் இலர். சராசரிக்கென அமைக்கப்பட்டது எவருக்கும் பொருந்தாது என்பதே இதன் முடிபு. நம் நாட்டைப் பொறுத்தவரை, 1987இல் அபேசேகர, ஷஹ்னவாஸ் ஆகியோர் இலங்கைத் தொழிலாளரின் உடலளவுகளைப் பிற நாட்டவருடன் ஒப்பிட்டு, இறக்குமதிப் பொருள்களின் பயன்பாட்டில் அவ்வேறுபாடு ஏற்படுத்தும் தாக்கத்தை ஆராய்ந்தனர். அதே வினா சுட்டிக்கும் உரியது. ஐரோப்பிய ஆடவரின் பெரிய கைக்கென வளைக்கப்பட்ட முதுகுமேட்டிற் சிறிய கை படியும்போது விரல்கள் பொத்தானின் முனையை எட்டா. நடுவில் அழுத்தும்போது நெம்புதூரம் குறைந்து கூடிய விசை வேண்டப்படும். பெண்களும் சிறுவரும் இடக்கைப் பழக்கமுடையோரும் இதனாற் பெரிதும் பாதிக்கப்படுவோர்.

பொருளாதாரக் காரணியையும் புறக்கணித்தல் இயலாது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் அது 360 ரூபாவை அண்மித்தது. 60 டொலர் விலையுள்ள சுட்டியொன்று வரியும் வணிக இலாபமும் நீங்கலாக 12,000 ரூபாவிலிருந்து 21,600 ரூபாவாயிற்று. 2021இல் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா. பன்னிரண்டு நாள் உழைப்பு இருபத்திரண்டு நாள் உழைப்பாக மாறிற்று. பழைய ஆளியைக் கழற்றிப் புதியதிற் பொருத்தும் கடைக்காரரின் தொழில் இந்நெருக்கடியில் மேலும் பெறுமதி பெற்றது. அவர் செய்வது வெறும் சிக்கனமன்று. உற்பத்தியாளன் மூடிவைத்த பொருளைத் திறந்து அதன் அறிவை மீட்டெடுக்கும் செயலாகும்.

கட்டுகஸ்தோட்டையைச் சூழ்ந்த கண்டி மாவட்டத்திலேயே, 1867இல் லூல்கந்துரவில், இந்நாட்டின் வணிகத் தேயிலைச் செய்கை தொடங்கிற்று. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிற் கொழுந்தைக் கிள்ளும் பெண்ணின் கை, நாளொன்றுக்குச் செய்யும் அசைவுகள் எத்தனை? விரைவும் துல்லியமும் அங்கும் வேண்டப்படுகின்றன. முற்றிய இலையை விட்டு இரு இலையும் மொட்டும் தெரிதல் வேண்டும். குறித்த நிறை சேராவிடின் ‘அரைப்பேர்’தான். அவளது விரலும் விரல்நுனிப் பிடியைத்தான் அறியும். ஆயின் தலையில் மாட்டிய கயிற்றிற் கொழுந்துப் பாரம் தொங்க மலையேறும் அவளுடைய உடலுக்கேற்ப எக்கருவி வடிவமைக்கப்பட்டது? விளையாட்டுச் சுட்டியில் ஐந்து கிராம் குறைப்பதற்குச் செலவிடப்படும் நுண்ணறிவு அவளை எட்டாதது அறிவியலின் இயலாமையாலன்று. வாங்கும் சக்தியுள்ள கையையே சந்தை அளவெடுக்கின்றது.

இதனால் விளையாட்டையோ அதில் ஈடுபடும் இளைஞரையோ இழித்துரைப்பது நம் கருத்தன்று. மாறாக, கைக்கேற்ப கருவி அமைதல் வேண்டும், கருவிக்கேற்ப கை நோதல் கூடாது என்ற நியாயமான கோரிக்கையை அவ்விளைஞர்களே உரத்துக் கூறியுள்ளனர். ஆட்டக்காரரின் தொடர்ச்சியான கண்டனத்தாலும் ஒப்பீட்டாலுமே பாரம் குறைந்த சுட்டியும் பல்வகைப் பிடிக்கான வடிவங்களும் சந்தைக்கு வந்தன. அக்கோரிக்கையைக் கொழுந்தெடுக்கும் கைக்கும், தைக்கும் கைக்கும், தட்டச்சிடும் கைக்கும் விரிவாக்குதலே எஞ்சியுள்ள பணி.

அப்பணியின் தொடக்கம் அளத்தலாகும். மருத்துவமும் பொறியியலும் தமிழும் ஒரே வளவிற் பயிலப்படும் பேராதனையில், மலையக மக்களின் கையளவுகளைத் திரட்டுவது இயலாத காரியமன்று. பழுதுபார்ப்போரும் விளையாடுவோரும் தொழிலாளரும் தொடுகையை விவரிக்க வழங்கும் சொற்களைத் தொகுப்பதும் அதன் பகுதியே. ‘இறுக்கம்’ என்று அவ்விளைஞர் சொன்ன ஒற்றைச் சொல்லில் விசையின் அளவும், தாவுதலின் கூர்மையும், விரலின் சோர்வும் அடங்கியிருந்தன. கடைக்காரர் அதனை விளக்கம் கேளாமலே புரிந்துகொண்டு வேறோர் ஆளியைத் தேடினார்.